வாசுதேவன் பாஸ்கரன்

வாசுதேவன் பாஸ்கரன் (பிறப்பு: ஆகஸ்ட் 17, 1950) தமிழ்நாட்டைச் சேர்ந்த இந்திய ஹாக்கி (வளைதடிப் பந்தாட்டம்) வீரரும் பயிற்சியாளரும் ஆவார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணிக்கு இவர் தலைமை தாங்கினார். இது ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற எட்டாவது தங்கமாகும். அதன் பின்னர் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றதில்லை. ஆகவே ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணித்தலைவர்களின் வரிசையில் இறுதியானவர் இவரே. இவர் அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர்.

ஆடிய இடம்

பாஸ்கரன் தற்காப்பை முதன்மைப் பணியாகக் கொண்ட 'ஹாஃப்' வரிசையில், பெரும்பாலும் இடப்புறத்தில் ஆடியவர். அக்காலத்தில் ஹாக்கி அணிகள் பொதுவாக ஐந்து முன்வரிசை வீரர்கள், மூன்று ஹாஃப்கள், இரண்டு முழுநேரத் தற்காப்பாளர்கள் (புல்பேக்), ஒரு கோல்காப்பாளர் என்ற அமைப்பில் ஆடின. முன்வரிசைக்கும் புல்பேக்குகளுக்கும் இடையே நிற்பவர்களே ஹாஃப்கள். எதிரணியின் தாக்குதலை முதலில் எதிர்கொள்வதும், பறித்த பந்தைத் தம் முன்வரிசைக்கு அளித்துத் தாக்குதலைத் தொடங்கி வைப்பதும் அவர்களது பணியாகும்.

இடது ஹாஃபின் பணி சற்றுக் கடினமானது. ஹாக்கி மட்டையின் தட்டையான ஒரு பக்கத்தால் மட்டுமே பந்தை ஆட வேண்டும் என்பது விதி. எனவே வீரர்கள் பந்தை வழக்கமாகத் தம் வலப்புறத்தில் வைத்தே கொண்டு செல்வர். எதிரணியின் வலது ஓர வீரர் அவ்வாறு வரும்போது, அவரை நேருக்கு நேர் தடுக்க நிற்கும் இடது ஹாஃபிற்குப் பந்து தன் இடப்புறத்தில் இருக்கும். மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் அதைப் பறிக்க இயலும். ஆகையால் கை வலிமையை விட, எப்போது நெருங்குவது, எப்போது பின்வாங்குவது என்னும் கணிப்பே இவ்விடத்தில் முக்கியமானது.

தொடக்க காலம்

பாஸ்கரன் சென்னை லயோலா கல்லூரியில் பயின்றவர். 1973ஆம் ஆண்டு ஆம்ஸ்டெல்வீனில் நடைபெற்ற உலகக்கோப்பையில் வெள்ளிப் பதக்கம் பெற்ற இந்திய அணியில் இவர் இடம்பெற்றிருந்தார். அப்போட்டியின் இறுதியாட்டம் 2-2 என்ற சமநிலையில் முடிய, பெனால்டி ஸ்ட்ரோக் முறையில் நெதர்லாந்து வென்றது. 1974 (தெஹ்ரான்), 1978 (பாங்காக்) ஆகிய ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்று வெள்ளியே பெற்றது. அவ்விரு அணிகளிலும் இவர் ஆடினார்.

1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் இந்தியா தன் ஒரே உலகக்கோப்பையை வென்றது. அந்த அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ், லெஸ்லி பெர்னாண்டஸ் ஆகியோர் இருந்தனர், பாஸ்கரன் இடம்பெறவில்லை.

1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் பாஸ்கரன் மீண்டும் இந்திய அணிக்காக ஆடினார். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடத்தப்பட்டது அப்போதுதான். புல்தரையில் பந்தைக் கட்டுப்படுத்தி, குறுகிய தூரத்தில் கைமாற்றி ஆடிப் பழகிய இந்திய வீரர்களுக்குச் செயற்கைத் தரையின் வேகம் புதிது. உள்நாட்டில் அதில் பயிற்சி பெறும் வசதியும் இல்லை. குழு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்ற கணக்கில் தோற்ற இந்தியா, ஏழாம் இடத்தையே பெற்றது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் பதக்கம் பெற்று வந்த இந்தியா வெறுங்கையுடன் திரும்பியது அதுவே முதல்முறை.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்

சோவியத் ஒன்றியம் ஆப்கானித்தானுக்குள் படைகளை அனுப்பியதை எதிர்த்துப் பல நாடுகள் மாஸ்கோ போட்டிகளில் கலந்துகொள்ளவில்லை. மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய வலுவான ஹாக்கி அணிகள் வராததால் ஆறு அணிகள் மட்டுமே ஆடின. பாஸ்கரன் தலைமையிலான இந்திய அணியில் பெரும்பாலோர் ஒலிம்பிக்கிற்குப் புதியவர்கள். முகமது ஷாகித், ஜாபர் இக்பால், மெர்வின் பெர்னாண்டஸ், எம். கே. கௌசிக், சுரிந்தர் சிங் சோதி ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர்.

ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடனும் ஆட, முதலிரு இடங்களைப் பெறும் அணிகள் இறுதிக்குச் செல்லும் முறை பின்பற்றப்பட்டது. இந்தியாவின் முடிவுகள் வருமாறு:

* தான்சானியா: 18-0, வெற்றி
* போலந்து: 2-2, சமநிலை
* ஸ்பெயின்: 2-2, சமநிலை
* கியூபா: 13-0, வெற்றி
* சோவியத் ஒன்றியம்: 4-2, வெற்றி

ஜூலை 29 அன்று நடைபெற்ற இறுதியாட்டத்தில் இந்தியா மீண்டும் ஸ்பெயினைச் சந்தித்தது. சோதி இரு கோல்களும் கௌசிக் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 3-0 என முன்னிலை பெற்றது. ஸ்பெயின் அடுத்தடுத்து இரண்டு கோல்களைத் திருப்பியது. ஷாகித் நான்காவது கோலை அடித்தார். ஸ்பெயின் மேலும் ஒன்று அடித்து 4-3 என நெருங்கியது. எஞ்சிய நிமிடங்களில் இந்தியத் தற்காப்பு குலையாமல் நின்று வெற்றியைக் காத்தது.

இந்தியா அந்த ஒலிம்பிக்கில் பெற்ற ஒரே பதக்கம் இதுவாகும். வலுவான அணிகள் வராததைச் சுட்டி இவ்வெற்றியின் மதிப்பைக் குறைத்துக் கூறுவோரும் உண்டு. எனினும் இதன் பின்னர் எந்த விளையாட்டிலும் அடுத்த தங்கத்தை இந்தியா பெற, 2008 பெய்ஜிங் போட்டியில் துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா வெல்லும் வரை 28 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பயிற்சியாளராக

2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குப் பாஸ்கரன் பயிற்சியாளராக இருந்தார். அங்கு ஆஸ்திரேலியாவுடன் 2-2 என்ற சமநிலை கண்ட இந்தியா, கடைசிக் குழு ஆட்டத்தில் போலந்தை வென்றிருந்தால் அரையிறுதிக்குச் சென்றிருக்கும். 1-0 என முன்னணியில் இருந்தபோது, ஆட்டம் முடியச் சில நிமிடங்களுக்குள் போலந்து சமன்செய்தது. அந்த ஒரு கோலால் இந்தியா பதக்க வாய்ப்பை இழந்து, இறுதியில் ஏழாம் இடத்தைப் பெற்றது.

2006ஆம் ஆண்டு இவர் மீண்டும் பயிற்சியாளரானார். திலீப் திர்க்கி தலைமையிலான அணி அவ்வாண்டு ஜெர்மனியில் நடைபெற்ற உலகக்கோப்பையில் 12 அணிகளுள் 11ஆம் இடத்தையும், தோஹா ஆசிய விளையாட்டில் ஐந்தாம் இடத்தையும் பெற்றது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்திய ஆடவர் அணி பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதல்முறை.

விருதுகள்

* அர்ஜுனா விருது (1979-80)
* பத்மஸ்ரீ விருது (1981)

பிற்காலம்

1980க்குப் பின் இந்திய ஆடவர் ஹாக்கி அணி ஒலிம்பிக் பதக்கம் பெற 41 ஆண்டுகள் ஆயின. 2021இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியிலும், 2024 பாரிஸ் போட்டியிலும் அணி வெண்கலம் வென்றது. தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு இறுதியில் ஆடவர் இளையோர் உலகக்கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடத்தப்பட்டது. அதில் ஜெர்மனி கோப்பையை வெல்ல, இந்தியா வெண்கலம் பெற்றது.