மூலைக்குப் பின்பக்கமாக நடக்கும் திருடன்

ஃபெரெட் குட்டி வளர்க்கிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடும் காட்சி ஒன்று உண்டு. குட்டி தூங்கி எழும், சோம்பல் முறிக்கும். அப்புறம் உடம்பைத் திருப்பிப் பின்பக்கமாகவே நடந்து போய் அறையின் ஒரு மூலையில் முட்டி நிற்கும். வாலைத் தூக்கும். அவ்வளவுதான், வேலை முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய லிட்டர் பெட்டி எதிர் மூலையில் சும்மா கிடக்கும்.

"இதுக்கு ஏன் புரிய மாட்டேங்குது?" என்று அலுத்துக்கொள்வார்கள். அந்தக் கேள்வியே தலைகீழ் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மூலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பெட்டிக்கு இருப்பது வேறொரு வரலாறு. இரண்டும் சந்தித்துக்கொண்டது ரொம்பச் சமீபத்தில்தான்.

முதலில் பிராணியைப் பார்ப்போம். ஃபெரெட் பார்வைக்குக் கீரி மாதிரி இருந்தாலும் கீரிக்குச் சொந்தமில்லை. நம்ம பக்கத்தில் அதற்கு உறவு காவிரியில் நீந்தும் நீர்நாய். ஐரோப்பாவின் போல்கேட் என்கிற காட்டு விலங்கைப் பிடித்து, சுமார் 2000 வருஷங்களுக்கு முன்பே மனிதர்கள் பழக்கியெடுத்ததுதான் ஃபெரெட். கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ, ஸ்பெயின் பகுதியில் முயல் தொல்லையைச் சமாளிக்க இப்படியொரு பிராணிக்கு வாய்ப்பூட்டு போட்டு வளைக்குள் அனுப்பியதைப் பதிவு செய்கிறார். ரோமானியரான பிளினி சொல்வது இன்னும் சுவாரசியம்: பலேரிக் தீவுக்காரர்கள் முயல்களை ஒழிக்கப் படை அனுப்பச் சொல்லிப் பேரரசர் அகஸ்டஸிடமே மனு போட்டார்களாம்.

வாய்ப்பூட்டு எதற்கு? உள்ளே போன ஃபெரெட் முயலைக் கொன்று தின்றுவிட்டால், வளைக்குள்ளேயே சுருண்டு தூங்கிவிடும். வெளியே வலையோடு காத்திருப்பவன் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதன் வேலை விரட்டுவது மட்டும். ஆனால் அதற்குக் கிடைத்த பெயரைப் பாருங்கள்: 'திருடன்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1758இல் லின்னேயஸ் வைத்த முஸ்டெலா ஃபூரோ என்ற அறிவியல் பெயரிலும் அதே திருட்டுப் பட்டம். உண்மையில் திருட்டு முயலுக்கு இதைக் கூட்டிப் போனவன் மனிதன். இங்கிலாந்தில் 1390இல் வந்த ஒரு சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாதவர்கள் ஃபெரெட்டை வைத்து வேட்டையாடக் கூடாது என்றது. ஏழை வீட்டு அடுப்புக்கு முயல் கொண்டுவரும் அளவுக்கு அது கெட்டிக்காரப் பிராணி.

இவ்வளவு காலமும் ஃபெரெட் வசித்தது தோட்டத்து மரக்கூண்டில், வைக்கோல் மேல். மனிதன் அதனிடம் எதிர்பார்த்தது இரண்டு: கையைக் கடிக்காமல் இருக்கணும், வளைக்குள் போய்த் திரும்பி வரணும். எங்கே 'ஆய்' போகிறது என்பதை யாரும் பொருட்படுத்தியிருக்கத் தேவையில்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காட்டு விலங்கின் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் கழிவு என்பது வெறும் கழிவு அல்ல, வாசனையால் எழுதிய கடிதம். காவிரிப் பாறைகளில் நீர்நாய்க் கூட்டம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கழிப்பதும் இதே கணக்குதான்.

இனி பெட்டியின் கதை. 1947, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசாபோலிஸ் என்ற சிற்றூர். எட் லோ என்ற இளைஞரின் குடும்பம், பட்டறைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச மரத்தூளும் களிமண் குருணையும் விற்று வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தன் பூனைக்கு மணல் கேட்டு வர, இவர் களிமண் குருணையைக் கொடுத்தார். முகத்தில் பூசுகிறோமே முல்தானி மட்டி, அந்த வகை மண். அது நன்றாக உறிஞ்சியது, நாற்றத்தையும் அடக்கியது. 5 பவுண்டு பை 65 சென்ட் என்று விற்கக் கொண்டுபோனார். மணலே மலிவாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் தயங்க, முதலில் சும்மா கொடுங்கள் என்றார் லோ. பூனை வீட்டுக்குள் நிரந்தரமாகக் குடியேற வழிசெய்த பொருட்களில் அதுவும் ஒன்று.

கவனியுங்கள், அது பூனைக்காக வந்த மண். பூனை தோண்டும், போகும், மூடும். ஃபெரெட் மூடாது. மண்ணைக் கண்டால் மூக்கை நுழைத்து விளையாடும். ஈரம் பட்டால் கட்டியாகும் நவீன லிட்டர் அதன் மூக்கில் ஒட்டிக்கொள்ளும், தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அதனால்தான் ஃபெரெட்டுக்குக் காகிதக் குருணை நல்லது என்கிறார்கள். பெட்டியின் முன்பக்கம் குட்டை காலுக்கு ஏற்றபடி தாழ்வாக இருக்கணும். பின்பக்கம் உயரமாக இருக்கணும், ஏனென்றால் இந்த ஆள் வருவதே பின்பக்கமாக.

இந்த இரண்டு வரலாறும் தெரிந்துவிட்டால் பயிற்சி என்பது பெரிய வித்தை இல்லை. குட்டிக்கு முதலில் சின்ன இடம் மட்டும் கொடுங்கள். குடல் ரொம்பச் சின்னது, தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் தூங்கி எழுந்ததுமே தூக்கிப் பெட்டியில் விடுங்கள். பெட்டியை முழுசாகக் கழுவித் துடைக்காமல் கொஞ்சம் பழைய வாசனையை விட்டுவையுங்கள், அதன் கடிதம் அது. மற்ற மூலைகளில் படுக்கையும் சாப்பாட்டுக் கிண்ணமும் வைத்தால், தின்னும் தூங்கும் இடத்தை அது பெரும்பாலும் அசுத்தம் செய்யாது. சரியாகப் போனால் உடனே ஒரு தின்பண்டம். பழகப் பழக இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கலாம். அப்படியும் நூற்றுக்கு நூறு வராது. பூனை அளவுக்கு எதிர்பார்ப்பது அநியாயம்.

கழிவில் மூக்கைத் தேய்த்துத் தண்டிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். குட்டி அதிலிருந்து கற்பது ஒன்றுதான்: இந்தக் கை ஆபத்தானது. 2000 வருஷமாகக் கையை நம்பக் கற்ற பிராணியிடம் அந்த நம்பிக்கையை ஒரு வாரத்தில் அழித்துவிட முடியும்.

பிராணியின் இயல்பைப் பார்க்காமல் நம் தேவையை மட்டும் அதன் மேல் சுமத்தினால் என்னாகும் என்பதற்கு நியூசிலாந்தே சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முயலை ஒழிக்க ஃபெரெட்டுகளைக் கொண்டுபோய் அங்கே அவிழ்த்துவிட்டார்கள். அவை பறக்கத் தெரியாத உள்நாட்டுப் பறவைகளையும் வேட்டையாடின. 2002இல் ஃபெரெட்டை விற்பதும் இனப்பெருக்குவதும் அங்கே தடைசெய்யப்பட்டன. கப்பலில் ஏற்றிவந்தது யார், பழி யார் மேல் விழுந்தது!

வீட்டுக்குள் நடப்பது அவ்வளவு பெரிய சோகம் இல்லைதான். ஆனால் பழகவில்லை என்று அலுத்துப்போய்க் குட்டியைத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் அது எந்த மூலைக்குப் போகிறது என்று ரெண்டு நாள் பாருங்கள். பிறகு பெட்டியைத் தூக்கி அந்த மூலையில் வையுங்கள்.