1978ஆம் ஆண்டு மணிக்கூடு

டிசோ கொம்பனியின் பி.ஆர்.எக்ஸ் மணிக்கூட்டை இப்ப எங்கட வயசுப் பெடியன்கள் பலர் ஃபோனில பார்த்துப் பெருமூச்சு விடுறோம். 1978இல் வந்த மாதிரியை 2021இல் திரும்பவும் இறக்கியிருக்கிறாங்க. உடலும் இரும்புப் பட்டியும் ஒரே வார்ப்புப் போல ஒட்டியிருக்கும். வடிவுதான். ஆனா பட்டி அறுந்தா கடையில கிடக்கிற வேற பட்டியை மாட்டேலாது.

இந்த வடிவம் பிறந்தது நல்ல காலத்தில இல்லை. 1969 டிசம்பரில் சீக்கோ குவார்ட்ஸ் மணிக்கூட்டை விற்கத் தொடங்க, சுவிஸ் தொழில் ஆட்டம் கண்டது. 1970இல் ஏறக்குறைய 90 ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்த தொழில், எண்பதுகளின் நடுவில் 30 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. இடையில் 1972இல் ஜெரால்ட் ஜெண்டா வரைந்த ரோயல் ஓக் வந்தது: இரும்பில செய்து, தங்க மணிக்கூட்டை விடக் கூட விலை. பி.ஆர்.எக்ஸ் அந்த வழியில் வந்த மலிவான தம்பி. உள்ளே இருந்தது குவார்ட்ஸ், அதாவது எதிரியின் ஆயுதம். பெயரில் முதலெழுத்து துல்லியம், அடுத்தது உறுதி, எக்ஸ் என்பது ரோமன் பத்து: 10 வளிமண்டல அழுத்தம், 100 மீற்றர் தண்ணீர்.

மட்டக்களப்பில 1978 எண்டா எங்கட அம்மம்மாக்களுக்கு வேற ஞாபகம். நவம்பர் 23, சூறாவளி. எழுபதுகளுக்கு ஏங்கச் சொல்லி விளம்பரம் வரேக்க, அந்த ஏக்கம் யாருடையது எண்டு எங்களுக்குக் கேட்கத் தோணுது.

துல்லியம் எண்ட சொல்லும் இங்க லேசானதில்லை. வாவிக்கு ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. சூரியனை வைத்தே கரைகளுக்குப் பேர் வைத்த ஊர். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டால் அரசாங்கம் மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. படுவான்கரையின் பெரும்பகுதி அவர்களிடம். தோணியில் வாவியைக் கடந்தா அரை மணித்தியால வித்தியாசம். எட்டு மணிக்கு வாறன் எண்டா, புது நேரமோ பழைய நேரமோ எண்டு கேட்க வேணும். எந்தக் குவார்ட்ஸும் அதுக்குப் பதில் சொல்லாது.

கிட்டத்தட்ட பத்து வருசம் இப்படி. 2006 ஏப்ரலில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது. அண்டைக்கு முள்ளைத் திருப்பினது எழுவான்கரைக்காரர்தான்.