தேசிங்கு ராஜன்: வீரத்தின் விலை



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? செஞ்சியின் மலைக்கோட்டைகள் தொலைவிலேயே தென்படும். 1677-இல் அக்கோட்டையைச் சிவாஜி கைப்பற்றினார். நெடிய முற்றுகைக்குப்பின் 1698-இல் முகலாயர் வென்றனர். ஆயினும் விழுப்புரம் வட்டாரத்து மக்கள் பாடி வந்தது அவர்களையன்று. சில மாதங்களே ஆண்டு 22 வயதில் மடிந்த தேசிங்கு ராஜனையே.

கதைப்பாடல் அவனது எழுச்சியை ஒரு குதிரையோடு தொடங்குகிறது. டில்லியில் எவராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கி, சிறைப்பட்ட தந்தையை மீட்டான் என்கிறது. வரலாறு காட்டும் தேஜ்சிங்கின் எழுச்சி இவ்வளவு ஒளிமிக்கதன்று. கோட்டைப் பொறுப்பிலிருந்த பந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங் இறந்தபின், மகன் அதைத் தன் உரிமையாகக் கொண்டான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் நிலுவைப் பணத்தைக் கேட்டார், தேஜ்சிங் மறுத்தான். 1714 அக்டோபர் 3 அன்று, சிறு படையோடு பெரும் சேனையை எதிர்த்து வீழ்ந்தான்.

அப்படியானால் மக்கள் எதைப் போற்றினார்கள்? பாடலின் இதயம் அவனுடைய இஸ்லாமிய நண்பன் மகபத்கான். போர்ச்செய்தி கேட்டதும் தன் திருமணத்தை விட்டுவிட்டு வந்து, நண்பனுக்காக உயிர் துறந்தான் என்கிறது பாடல். அவனுடைய கல்லறையை நீலாம்பூண்டியில் இன்றும் காட்டுகிறார்கள்.

அதே மக்கள் ஓர் எச்சரிக்கையையும் மறவாமல் காத்திருக்கிறார்கள். போருக்குமுன் தேசிங்கு வணங்கச் சென்றபோது, சிங்கவரம் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அவர்கள் சொல்லும் கதை. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. நண்பன் மடிந்தான், இளம் மனைவி தீப்பாய்ந்தாள்.

கில்போவா மலையில் சவுலோடு விழுந்த யோனத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவனின் பிடிவாதத்திற்கான விலையை, அவனை விட்டுப் பிரியாதவர்களே முதலில் கொடுக்கிறார்கள்.

பிரியமானவர்களே, நம்மில் பலருக்குக் கோட்டை இல்லை. குடும்பம் உண்டு, சபை உண்டு. ‘நான் பணியமாட்டேன்’ என்று நாம் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்காக யார் இழக்கப் போகிறார்கள்? தேசிங்கின் துணிவை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மகபத்கானின் அன்பையும் சொல்வோம். அந்த அன்புக்குத் தகுதியுள்ளவர்களாய் நடக்கும் தாழ்மையைக் கர்த்தர் நமக்குத் தருவாராக.