செவிக்குறையை மறைத்தவரும் மறையாதவரும்

1802ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள நாரிச் நகரில், துணி உற்பத்தித் தொழில் செய்துவந்த ஒரு குடும்பத்தில் ஹேரியட் மார்ட்டினோ என்னும் பெண்மகவு பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் திங்களில், வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரில், இசை மேதை பீத்தோவன் தம் தம்பியர் இருவருக்கும் நீண்டதொரு மடல் எழுதிவைத்தார். இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். எனினும் இருவர் வாழ்விலும் வந்துற்ற இடர் ஒன்றே. பேச்சும் இசையும் கேட்டுப் பழகிய செவி, சிறிது சிறிதாக மந்தமாகி அடைபட்டது. அவ்விழப்பை ஒருவர் மறைத்தார். மற்றவர் உலகறியச் சொன்னார். இவ்விரு வழிகளையும் ஒப்புநோக்கின், செவிக்குறை மனிதனை எவ்வாறு வருத்துகிறது என்பது நன்கு விளங்கும்.

பீத்தோவன் 1770இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து, 1792இல் வியன்னாவில் குடியேறியவர். பியானோ வாசிப்பில் இணையற்றவர் எனப் புகழ் பெற்றிருந்த காலத்திலேயே, முப்பது வயது நிரம்புமுன், காதில் இரைச்சலும் மந்தமும் தோன்றின. 1801ஆம் ஆண்டு ஜூனில், பான் நகரில் மருத்துவராயிருந்த இளமை நண்பர் வெகலருக்கு இதனை எழுதினார். நாடக அரங்கில் வாத்தியக்காரருக்கு மிக அருகில் இருந்தால்தான் நடிகர் பேசுவது புரிகிறது; தொலைவிலிருந்தால் உயர்ந்த சுரங்கள் கேட்பதில்லை; ஒருவர் மெல்லப் பேசினால் ஒலி கேட்கிறது, சொல் விளங்கவில்லை; உரக்கக் கத்தினாலோ பொறுக்க முடியவில்லை என்பது அம்மடலின் செய்தி.

இன்றைய செவிநூல் வல்லுநர் இதனை நன்கு அறிவர். உட்செவி பழுதுறும்போது பெரும்பாலும் உயர்ந்த சுருதியொலிகளே முதலில் மறைகின்றன. மெய்யெழுத்துகள் பலவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் அவ்வுயர்ந்த சுருதியில், வலுக்குறைந்தவையாக அமைந்துள்ளன. ஆகவே குரல் காதில் விழும், சொல் பிடிபடாது. "வேண்டியபோது மட்டும் காது கேட்கிறது" என்று வீட்டார் குறைகூறுவது இதனை அறியாமையாலேயே ஆகும்.

இக்குறையை வெளியில் சொல்ல மனமின்றி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக மக்கள் கூடும் இடங்களைத் தவிர்த்து வந்ததாகவும் பீத்தோவன் எழுதினார்; செய்தியைப் பிறரிடம் கூறவேண்டா எனவும் வேண்டிக்கொண்டார். அவரைக் குறைகூற இயலாது. ஒலியே அவருடைய தொழில். பகைவர் அறிந்தால் பிழைப்பு என்னாகும்? மறைத்தலுக்குக் கொடுத்த விலையோ பெரிது. ஹைலிகன்ஸ்டாட் மடலில், தம்மை மனிதரை வெறுப்பவன் என்று எண்ணுவோர் உண்மைக் காரணம் அறியாதவர் என்று அவர் கலங்குகிறார். அருகிலிருந்தவர் தொலைவில் எழுந்த குழலோசையைக் கேட்க, தமக்கு ஒன்றும் கேளாத வேதனையைச் சொல்கிறார். உயிரை விடும் எண்ணம் நெருங்கியதையும், கலையே தம்மைத் தடுத்ததையும் சொல்கிறார். அம்மடல் அனுப்பப்படவே இல்லை. 1827இல் அவர் மறைந்தபின் அவருடைய தாள்களிடையே அகப்பட்டது.

மார்ட்டினோ அம்மையார் சென்ற வழி வேறு. பன்னிரண்டு வயதளவில் தொடங்கிய செவிமந்தம், இருபது வயதை எட்டுமுன் பெரிதும் முற்றிவிட்டது. தந்தையார் 1826இல் மறைந்தார். 1829இல் குடும்பத் தொழிலும் நொடித்தது. எழுதுகோலே வாழ்வாயிற்று. பொருளியல் கருத்துகளைக் கதைகளாக்கி 1832 முதல் 1834 வரை வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தினார். அப்புகழின் நடுவில், 1834 ஏப்ரலில், காதுகேளாதோருக்கென ஒரு திறந்த மடலை எடின்பரோ இதழொன்றில் வெளியிட்டார். குறையை ஒப்புக்கொள்ளுங்கள், கூட்டத்தை விட்டு ஓடாதீர்கள், செவிக்குழலைக் கையிலெடுக்க நாணாதீர்கள் என்பதே அதன் சாரம்.

செவிக்குழல் என்பது ஊதுகொம்பு வடிவான கருவி. அகன்ற வாயில் பிறர் பேச, குறுகிய முனையைக் காதில் வைத்துக் கேட்பது. அக்குழலுடன் அம்மையார் அதே ஆண்டில் அமெரிக்கா சென்று, இரண்டு ஆண்டுகள் சுற்றினார். சிறைகளையும் அடிமைகள் உழைத்த தோட்டங்களையும் கண்டார். காதுகேளாதவர் ஒரு நாட்டை ஆராய்வது எங்ஙனம் என்ற ஐயத்திற்கு, 1837இல் வெளியான தம் நூலில் விடையளித்தார். குழலினருகே வந்து தனித்துப் பேசியவர்கள் மனந்திறந்து பேசினர். பொதுப்பேச்சில் இழந்ததினும் அதனால் பெற்றது மிகுதி என்பதே அவ்விடை.

ஆயினும் அம்மையார் தமக்கு வகுத்துக்கொண்ட விதியொன்று கடுமையானது. "என்ன சொன்னார்கள்?" என்று ஒருபோதும் கேட்பதில்லை, சொல்லத்தக்கதை நண்பர்களே சொல்வார்கள் என்று நம்பியிருப்பது. பிறருக்குத் தொல்லை தரலாகாது என்னும் உயர்ந்த நோக்கமே காரணம். ஆனால் சுமை முழுவதும் கேளாதவர் தலையிலேயே ஏறிவிடுகிறது.

அச்சுமையைப் பிறரும் பகிரலாம் என்பதற்குப் பீத்தோவனின் பிற்காலமே சான்று. செவிக்குழலும் பயன்படாமற்போக, 1818 முதல் அவரைக் காண வந்தவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்காட்டத் தொடங்கினர். அவர் பெரும்பாலும் வாயால் விடையிறுத்தார். எஞ்சியுள்ள உரையாடல் ஏடுகள் நூற்றுக்கு மேற்பட்டவை. இசையாராய்ச்சி மட்டுமன்று, வீட்டுச் செலவும், வேலையாள் தொல்லையும், தம்பிமகன் கார்லைப் பற்றிய கவலையும் அவற்றில் நிறைந்துள்ளன. மறைக்க ஒன்றுமில்லை என்றானபின் மனிதர் அவரிடம் மீண்டனர். 1824 மே 7ஆம் நாள் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது, கைதட்டல் கேளாது நின்ற அவரை, பாடகி கரோலினே உங்கர் சபையோர் பக்கம் திருப்பிக் காட்டினார் என்பர்.

இன்று மின்னணுச் செவிக்கருவி உண்டு. உட்செவியில் பொருத்தும் கருவியும் உண்டு. உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர்க்கு ஏதேனும் ஓரளவு செவிக்குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. மூக்குக்கண்ணாடி அணிய நாணாதவரும் செவிக்கருவி அணிய நாணுகின்றனர். செவி குன்றுதல் நம் கையில் இல்லை. அதனை மறைத்துத் தனிமையை வரவழைத்துக்கொள்வது நம் கையில் உள்ளது. குறையுற்றவர் "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்று கூசாது சொல்லட்டும். அருகிலிருப்பவர் கத்தாது, முகம் பார்த்து, நிறுத்திப் பேசட்டும். அதுவும் போதாதெனில், ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும்.