லைன் வீட்டு மெயின் போர்டு

திருப்பூரில் 1925-இல் குலாம் காதர் 'பேபி நிட்டிங்' பனியன் கம்பெனியைத் தொடங்கியபோது மெஷினைக் கையால்தான் சுற்றினார்கள். 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, கோவை வட்டாரத்துக்குக் கரண்ட் வந்தது. ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும்தான் முதல் பந்தி. தொழிலாளி குடியிருந்த வீட்டுக்கு அது வெகு தாமதமாகவே வந்து சேர்ந்தது.

1978 வாக்கில் வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் ஏற்றுமதி சூடுபிடித்தது. மதுரை, தேனி, திண்டுக்கல்லிலிருந்தும், பின்னாளில் ஒடிசா, பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக ஊரைச் சுற்றி லைன் வீடுகள் முளைத்தன. வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. கரண்ட்டும் பல இடங்களில் பொதுதான்: ஒரு மீட்டர், மரப்பலகையில் பீங்கான் பீஸ் கட்டைகள், அங்கிருந்து எல்லா அறைக்கும் ஓடும் ஒரே வயர்.

அந்த வயர் குண்டு பல்புக்கும் ஃபேனுக்கும் போட்டது. 1,000 வாட் ஹீட்டர் ராடு ஒன்று நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பதை ஒட்டி. சனிக்கிழமை சம்பளம் வாங்கி எல்லோரும் வீடு திரும்பும் மாலையில் பீஸ் போகும். யாராவது பழைய வயரைக் கீறி, ஓர் இழை கட்டவேண்டிய இடத்தில் மூன்று இழையை முறுக்கிக் கட்டுவார். விளக்கு எரியும். ஆனால் இனிமேல் உருகுவது பீஸ் கம்பியாக இருக்காது, சுவரோரத்து வயராக இருக்கும்.

எடிசன் 1880-இல் காப்புரிமை வாங்கிய பீஸ் கம்பியின் வேலையே வயரைக் காப்பதுதான். ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் கம்பெனி 1924-இல் கொண்டுவந்த எம்.சி.பி.யும் அதையே இன்னும் சுத்தமாகச் செய்தது. உருகாமல் விழும், மறுபடி தூக்கிவிடலாம். ஆள் உயிருக்கு இரண்டும் பொறுப்பல்ல. 5 ஆம்பியர் பீஸ் 5,000 மில்லி ஆம்பியரைச் சத்தமில்லாமல் விடும். கசிவைக் கண்டு உயிர்காக்கும் ஆர்.சி.சி.பி. கருவியோ 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்க வேண்டும்.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகள் ஆர்.சி.சி.பி. போன்ற கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கின. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறிய இணைப்புகளுக்கு விலக்கு இருந்தது; ஒற்றை அறை வீட்டின் லோடு பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 2023 விதிகளில் அந்த வரம்பு 2 கிலோவாட்.

இதற்கிடையே, 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றானதும், தனி இணைப்புக்கு மதிப்பு கூடியது. அது கிடைக்காத இடத்தில் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் வசூலித்தார். இப்படிப் பணத்துக்காக அறைவாரியாகப் பிரிந்த கரண்ட், பாதுகாப்பில் பிரியவில்லை. மெயினில் ஒரே ஒரு ஆர்.சி.சி.பி. வைத்தால், எவர் அறையிலோ ஓர் அயர்ன்பாக்ஸ் கசிந்ததற்கு வரிசை முழுக்க இருட்டாகும். அரைத்தூக்கத்தில் எழுந்தவர் அதைத் தாண்டி நேரடியாக வயரை இணைத்துவிடுவார்.

அதனால் விவரமான வயர்மேன் அறைக்கு ஒரு சின்னப் பெட்டி போடுகிறார்: 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., விளக்குக்கு 6 ஆம்பியர், அடுப்புக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கேற்ற தடிமனில் வயர், முறையான எர்த். பொது மோட்டாருக்குத் தனி லைன். பெட்டிக்கான செலவு வாடகையிலா, அட்வான்ஸிலா என்ற பேரம் மட்டும் இன்னும் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது.