எடையில்லாச் சரக்கு: மென்பொருள் உரிமமும் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும்

கைப்பேசி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குபவர் அதன் திரைக்கும் மின்கலத்துக்கும் உள்ளிருக்கும் சில்லுகளுக்கும் முழு உரிமையாளர் ஆகிறார். அவற்றை அவர் விற்கலாம், பிரித்துப் போடலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். அந்தக் கருவியை இயக்கும் மென்பொருளுக்கு மட்டும் அவர் உரிமையாளர் ஆவதில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியே அவருக்குக் கிடைக்கிறது. நிபந்தனைகளோடு கூடிய அந்த அனுமதிக்கு உரிமம் என்று பெயர். வாங்குபவர் கண்ணில் பெரும்பாலும் படாத இந்த வேறுபாடு, வரிச்சட்டத்திலும் நிறுவனங்களின் கணக்கேடுகளிலும் பல்லாயிரம் கோடி ரூபாய் பெறுமானமுள்ளது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையின் முடிவில் அந்த வேறுபாட்டுக்கு இருந்த பங்கு, தமிழகத் தொழில் வரலாற்றில் இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

மென்பொருளுக்குத் தனி விலை என்பதே பிற்காலத்து வழக்கம். கணினி அறை நிறைக்கும் இயந்திரமாக இருந்த காலத்தில், அதனோடு வரும் நிரல்களும் பயிற்சியும் இயந்திரத்தின் வாடகைக்குள்ளேயே அடங்கிவிட்டன. அமெரிக்க அரசு 1969 ஜனவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் மீது ஏகபோகத் தடுப்பு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அந்நிறுவனம் மென்பொருளையும் சேவைகளையும் இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனியே விலை வைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு தலைமுறைக்குள் மென்பொருள் தனிப்பெருந்தொழிலாயிற்று. ஆனால் படி எடுக்க ஏறக்குறைய எந்தச் செலவும் ஆகாத ஒன்றை அரிசி மூட்டையைப் போல விற்றுவிட முடியாது. விற்றால் வாங்கியவர் ஆயிரம் படி எடுத்துக்கொள்வார். எனவே விற்பதற்குப் பதில் அனுமதி தருவது என்ற முறை நிலைபெற்றது. அமெரிக்கா 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கணினி நிரலைப் பதிப்புரிமைக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. இந்தியா 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984 இல் திருத்தி, கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகைக்குள் சேர்த்தது. கவிதைக்கும் நாவலுக்கும் எழுதப்பட்ட சட்டம் இயந்திரத்துக்கான கட்டளைகளையும் தாங்க வேண்டியதாயிற்று. பின்னால் எழுந்த குழப்பங்களில் பல இந்தச் சேர்க்கையிலிருந்தே கிளைத்தவை.

இதே உரிமத்தை நேர்மாறான நோக்கத்துக்குப் பயன்படுத்தியவர்களும் இருந்தனர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் அறிவித்த குனூ திட்டமும், 1989 இல் வெளிவந்த குனூ பொது உரிமமும், நிரலைப் பெறுபவர் அதை ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமையுடையவர் என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் துணைகொண்டே உறுதிசெய்தன. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமான லினக்ஸ் கருநிரல் அந்த உரிமத்தின் கீழ்தான் வழங்கப்படுகிறது. உரிமம் என்பது பூட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை என்பதற்கு இது வலுவான சான்று. ஆனாலும் கைப்பேசித் தொழிலின் பெரும்பகுதி அதைப் பூட்டாகவே வைத்துக்கொண்டது.

இந்தியச் சட்டத்தில் மென்பொருளுக்கு இரண்டு முகங்கள் அமைந்தன. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில், குறுந்தகட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் ஆயத்த மென்பொருள் ‘சரக்கு’ என்றும், ஆகவே அதற்கு விற்பனை வரி உண்டு என்றும் 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமான வரித்துறையோ அதே மென்பொருளுக்கு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்கும் பணத்தைச் சரக்கின் விலையாக ஏற்கவில்லை. அதை ராயல்டி என்றது. ராயல்டி என்பது ஒருவரின் அறிவுச்சொத்தைப் பயன்படுத்துவதற்காக அவருக்குச் செலுத்தும் தொகை. சரக்கின் விலை என்றால், இந்தியாவில் நிலையான அலுவலகம் இல்லாத வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பொதுவாக இங்கே வருமான வரி இல்லை. ராயல்டி என்றால், அப்போது நடைமுறையில் இருந்த 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி அது இந்தியாவில் ஈட்டிய வருமானமாகக் கருதப்பட்டது, பணம் அனுப்புகிறவரே 195 ஆம் பிரிவின்படி வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியை அனுப்ப வேண்டியிருந்தது. பிடிக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு அனுப்பியவர் தலையில் விழும்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்களின் வழக்குகளில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2011 அக்டோபரில் மென்பொருளுக்கான தொகை ராயல்டியே என்றது. நோக்கியா நெட்வொர்க்ஸ் வழக்கில், தொலைத்தொடர்புக் கருவியோடு சேர்த்து வழங்கிய மென்பொருளுக்கான தொகை ராயல்டி ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012 செப்டம்பரில் கூறியது. இவ்விரண்டுக்கும் நடுவே நாடாளுமன்றம் 2012 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே ஒரு விளக்கத்தைச் சேர்த்து, கணினி மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமையும் ராயல்டிக்குள் அடங்கும் என்றும், அது 1976 ஜூன் முதலே அப்படித்தான் என்றும் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்தேதியிட்டு ஒரு சொல்லின் பொருளை வரையறுப்பது, வரி கட்ட விரும்புகிறவரையும் ஏய்க்க விரும்புகிறவரையும் ஒரே நிலையில் நிறுத்திவிடுகிறது. அந்த அளவில் அரசின் செயல் நியாயமானதன்று.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் எழுந்து வளர்ந்தது. தமிழக அரசோடு நோக்கியா 2005 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டது. சிப்காட் வளாகத்தில் சுமார் 210 ஏக்கர் நிலம் சிறப்புப் பொருளாதார மண்டலமாக ஒதுக்கப்பட்டது. 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. பாகங்கள் செய்து தரும் பாக்ஸ்கான், சால்காம்ப் முதலிய நிறுவனங்களும் அதே வளாகத்துக்கு வந்தன. சில ஆண்டுகளிலேயே அது உலகின் மிகப்பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாகி, 2011 வாக்கில் 50 கோடிக் கருவிகளைச் செய்து முடித்திருந்தது. உச்சநிலையில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தனர். பெரும்பான்மையோர் பள்ளிப்படிப்பை முடித்தவுடன் வந்த இளம்பெண்கள். அவர்கள் நிறுவனப் பேருந்துகளில் ஷிப்டு ஷிப்டாக வந்திறங்கினர். பலருக்கு வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரர் என்ற மதிப்பைக் கொடுத்த வேலை அது. எளிய வேலையாக மட்டும் அது இருந்துவிடவில்லை. ஊதியத்துக்காகவும் சங்க உரிமைக்காகவும் 2009, 2010 ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 இன் இறுதியில் இளம்பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார்.

ஆலையின் உற்பத்தி வரிசையில் பலகை, திரை, விசைப்பலகை, கூடு ஆகியவை ஒன்றுசேர்ந்த பின்னும் கருவி உயிர்பெறுவதில்லை. அதற்குள் மென்பொருளை ஏற்ற வேண்டும். அந்த மென்பொருள் பின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்திடமிருந்து வந்தது; அதற்கான தொகையை இந்திய நிறுவனம் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிவந்தது. தகராறு முழுவதும் இந்தத் தொகையைப் பற்றியதே. திரையையும் மின்கலத்தையும் போல மென்பொருளும் ஒரு மூலப்பொருள், அதற்குக் கொடுத்தது விலை என்பது நிறுவனத்தின் வாதம். பதிப்புரிமையுள்ள நிரலைப் பயன்படுத்தும் உரிமைக்குத் தந்த ராயல்டி அது, அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்பது துறையின் வாதம். இரண்டு வாதங்களிலும் சாரம் உண்டு. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கருவியிலும் நிரலின் ஒரு படி ஏறுகிறது, கருவியோடு சேர்ந்து விற்றும் போகிறது; அப்படிப் பார்த்தால் அது பாகம். இலட்சக்கணக்கில் படியெடுக்கும் உரிமையை ஆலைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அது உரிமம்.

இங்கே வரிச்சட்டத்துக்கு அப்பாற்பட்ட அறக்கேள்வி ஒன்று நிற்கிறது. திரையின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. அதே திரையை இன்னொருவரிடம் கேட்டு விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாய் நிறுவனம் தன் துணை நிறுவனத்துக்குக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடையில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே குடும்பம். ஒரு நாட்டில் ஈட்டியதில் எவ்வளவு இலாபமாக நிற்கும், எவ்வளவு செலவாகக் கரைந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் என்பதை அந்தக் குடும்பத்துக்குள் வைக்கும் விலையே பெருமளவில் முடிவுசெய்கிறது. இதைப் பரிமாற்ற விலையிடல் என்பர். குழுமத்துக்குள்ளான பரிமாற்றத்துக்கும் வெளியார் தரக்கூடிய விலையையே வைக்க வேண்டும் என்று உலகெங்கும் விதிகள் உண்டு என்றாலும், வெளியாருக்கு விற்காத ஒன்றின் வெளியார் விலையைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு நாட்டின் நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் உழைப்பும் எடைபோட்டுச் சொல்லக்கூடியவை. அவற்றுக்கு எதிரே வைக்கப்படும் உரிமமோ எடையில்லாதது.

வருமான வரித்துறை 2013 ஜனவரியில், அதாவது டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த நான்கு மாதங்களில், ஆலையில் சோதனை நடத்தியது. சுமார் 2,080 கோடி ரூபாய் வரி கேட்டு அடுத்து உத்தரவு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. அந்த 544 கோடி யூரோ ஒப்பந்தத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது: ஆலைகள், ஊழியர்கள் உட்பட கைப்பேசித் தொழில் முழுவதற்கும் 379 கோடி, காப்புரிமங்களைப் பத்தாண்டு பயன்படுத்திக்கொள்ளும் அனுமதிக்கு 165 கோடி. காப்புரிமம் என்பது கண்டுபிடிப்பின் மீதான தனியுரிமை. அவற்றை நோக்கியா விற்கவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டது. கருவி செய்யும் ஆலைகளைக் கைவிட்ட ஒரு நிறுவனம் கருவிகளுக்கான அனுமதிகளை மட்டும் கைவிடவில்லை என்பதில், அத்தொழிலில் செல்வம் எங்கே குவிகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2011 பிப்ரவரியில், தன் சொந்த இயங்குதளங்களை விட்டுவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் மென்பொருளை உரிமத்துக்கு எடுக்க நோக்கியா முடிவுசெய்திருந்தது.

விற்பனைச் செய்தி வந்த அதே மாதம் நோக்கியாவின் இந்தியச் சொத்துக்களை வரித்துறை முடக்கியது. டெல்லி உயர் நீதிமன்றம் டிசம்பரில் நிபந்தனைகளோடு முடக்கத்தை நீக்கியபோதும், 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விதித்தது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. அதே சமயத்தில் தமிழக வணிகவரித் துறையும், ஏற்றுமதி என்று காட்டிய கருவிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று கூறி சுமார் 2,400 கோடி ரூபாய் கேட்டது. நிறுவனம் இதையும் மறுத்தது. மைக்ரோசாப்டுக்கான கைமாற்றம் 2014 ஏப்ரல் 25 அன்று நிறைவேறியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. புதிய உரிமையாளருக்கு ஒப்பந்த அடிப்படையில் கருவி செய்துகொடுக்கும் அனாதைப் பிள்ளையாக அது நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டு, இருபதுகளின் நடுவில் இருந்த ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் ‘ஓய்வு’ பெற்றனர். கொள்முதலை நிறுத்துவதாக மைக்ரோசாப்ட் தெரிவித்ததும், 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் வளாகத்திலிருந்த பாக்ஸ்கான் பிரிவும் வேலையை நிறுத்தியது.

ஆலையை வரித்தகராறு மட்டுமே மூடியது என்று சொல்வது சரியாகாது. ஜெர்மனியின் போகம் நகரில் சுமார் 2,300 பேர் பணியாற்றிய ஆலையை நோக்கியா 2008 இல் மூடி ருமேனியாவின் குளூஜுக்குப் போயிற்று. அதையும் 2011 இல் மூடியது. சொந்த நாட்டிலேயே சாலோ நகர ஆலையின் உற்பத்தி 2012 இல் நின்றது. அங்கெல்லாம் இத்தகைய வரி வழக்கு ஏதுமில்லை. ஆண்ட்ராய்டும் ஐபோனும் சந்தையைப் பிடித்தபின் ஸ்ரீபெரும்புதூர் செய்துவந்த எளிய கைப்பேசிகளின் நாட்கள் எண்ணப்பட்டிருந்தன. ஆனால் வழக்கு இல்லாதிருந்தால் ஆலை மைக்ரோசாப்டின் கைக்குப் போயிருக்கும். மூடல் வந்திருந்தாலும் வேறொரு நேரத்தில், யாரிடம் இழப்பீடு கேட்பது என்ற தெளிவோடு வந்திருக்கும். தொழிலாளர் சங்கம் முறையிட்ட காலத்தில் பழைய உரிமையாளர் வழக்கைக் காட்டினார், புதிய உரிமையாளர் ஆலை தம்முடையதன்று என்றார், அரசு நிலுவையைக் காட்டியது.

மீதிக் கதை விரைவில் முடிகிறது. இந்திய, பின்லாந்து அரசுகள் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டில் உள்ள பரஸ்பர இணக்க நடைமுறையின்படி 2018 இல் தகராறைத் தீர்த்துக்கொண்டன. நோக்கியா சுமார் 20 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,600 கோடி ரூபாய் செலுத்தியது. பூட்டிக் கிடந்த ஆலையை சால்காம்ப் வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. பிறகு 2021 மார்ச் 2 அன்று, இன்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், நீதிபதி ரோகிண்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பில், பதிப்புரிமைக்குப் பணம் கொடுப்பது வேறு, பதிப்புரிமையுள்ள பொருளுக்குப் பணம் கொடுப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பயன்பாட்டு உரிமத்தோடு வரும் மென்பொருளையும், கருவிக்குள் பொருத்தி ஒன்றாக விற்கும் மென்பொருளையும் வாங்கக் கொடுக்கும் தொகை உடன்பாடுகளின்படி ராயல்டி ஆகாது என்றது. முன்தேதியிட்டு வந்த விளக்கத்தை முன்கூட்டி அறிந்து ஒருவர் வரி பிடித்திருக்க முடியாது என்றும் அது கூறியது. படியெடுக்கும் உரிமை பெற்ற ஓர் உற்பத்தி ஆலைக்கு இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை எந்த நீதிமன்றமும் ஸ்ரீபெரும்புதூரை முன்வைத்துத் தீர்மானிக்க வேண்டிய தேவை அப்போது இருக்கவில்லை. நோக்கியாவின் பெயர்கூட அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே உரிமத்தின் பேரில் எச்எம்டி குளோபல் என்ற நிறுவனத்துக்குப் போயிருந்தது. சிப்காட்டில் இருந்த கட்டடம் கைப்பேசிகளுக்குச் சார்ஜர் செய்யும் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது.