உருகும் உலோகத்தின் ஒளி: உலைக்களம் முதல் இலேசர் வரை ஒரு வரலாற்று நோக்கு

உயர்வலு இலேசர்க் கதிரினால் உலோகத்தை உருக்கும் தொழினுட்பம் இன்று விமானப் பொறிகளின் உறுப்புக்களையும், மனித எலும்புக்கு மாற்றாகப் பொருத்தப்படும் தைத்தேனியத் துண்டுகளையும் ஆக்கித் தருகின்றது. உருகல் செவ்வனே நிகழ்ந்ததா என்பதை ஆக்கிய பொருளை வெட்டிப் பார்க்காது அறிய வேண்டின், உருகும் மேற்பரப்பிலிருந்து வரும் ஒளியே பெரும்பாலும் சான்றாகின்றது. அச்சான்றை எத்துணை நம்பலாம் என்னும் வினா இலேசருடன் தோன்றியதன்று. அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைப் பௌதிகக் கோட்பாடுகளின் வரலாறாக மட்டுமே கூறிச்செல்வது நூலாசிரியர்களின் வழக்கம். உருக்குத் தொழிலுக்கும் விளக்குத் தொழிலுக்கும் அதிலுள்ள பங்கினை நாம் இங்கு சேர்த்து நோக்க விழைகின்றோம்.

காய்ந்த உலோகத்தின் நிறங்கண்டு அதன் வெம்மையை மதிப்பிடுதல் கொல்லனின் கலை. அக்கலையிலே சொற்கள் இருந்தன, எண்கள் இருக்கவில்லை. ஆங்கில மட்பாண்ட உற்பத்தியாளரான யோசையா வெட்ஜ்வுட் 1782இல் இலண்டன் ரோயல் கழகத்தின் முன் வைத்த தீமானி, இக்குறையை நிறத்தை நாடாமலே தீர்க்க முயன்றது. சூளையிலிட்ட களிமண் துண்டு எவ்வளவு சுருங்கிற்று என்று அளந்து, அதிலிருந்து அவர் வெப்பநிலையைக் கணித்தார். அவரது அளவையின்படி வெள்ளி 4717 பாகை பரனைற்றில் உருக வேண்டும். உண்மைப் பெறுமானமோ ஏறத்தாழ 1763 பாகையே. எனினும் நேற்றைய சூட்டையே இன்றும் பெறுவதற்கு அத்துண்டுகள் போதுமாயிருந்தன. சூளைக்காரனின் கண்ணை முற்றாக நம்பியிராத நிலை உற்பத்தியாளனுக்கு வேண்டியிருந்தது. அதனை அவை அளித்தன.

இப்போக்கின் முதிர்ந்த வடிவத்தை ஐக்கிய அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையிலே காண்கின்றோம். அங்கு பணியாற்றிய மோன்செல் வைற்றும் பிரெடெரிக் டெயிலரும் 1899ஆம் ஆண்டளவில், சூடேறிய உருக்கின் நிறங்களுக்குரிய வெப்பநிலைகளை அட்டவணைப்படுத்தினர். கரிய இரத்தச் சிவப்பு 990 பாகை பரனைற்று. வெண்மை 2200 பாகை. இடையிலே செரிப்பழச் சிவப்பு, சல்மன் மீனின் நிறம், மஞ்சள் எனப் பல படிகள். பட்டறைத் தொழிலாளரின் வாய்மொழி இவ்வாறு எண்ணாக மாறி முகாமையின் கைக்குச் சென்றது. பின்னர் விஞ்ஞான முகாமைத்துவம் எனப் பெயர்பெற்ற கொள்கையின் தந்தையாகப் போற்றப்படுபவர் இந்த டெயிலரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் நிறத்தை எண்ணாக்குவதற்குப் பௌதிகம் இடந்தருகின்றதா? எல்லாத் திண்மங்களும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையிலே, அதாவது 525 சதமபாகையளவில், ஒளிரத் தொடங்குகின்றன என யோன் வில்லியம் டிரேப்பர் 1847இல் கண்டார். அதனைக் கொண்டு நிறமும் வெப்பநிலையும் ஒன்றே எனக் கருதத் தோன்றும். 1859இலும் 1860இலும் கிர்ச்சோவ் நிறுவிய விதி அக்கருத்தைத் தடுத்தது. ஒரு மேற்பரப்பு எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுமோ, அந்த அலைநீளத்தில் அதே விகிதத்திலேயே ஒளியைக் காலவும் செய்யும். துலக்கிய உலோகம் நன்கு தெறிப்பது. ஆகவே குறைவாகக் காலுவது. அதன் ஒளியில் வெப்பநிலையும் மேற்பரப்பின் இயல்பும் பிரிக்கவியலாதவாறு கலந்துள்ளன.

இக்கலப்பின் விளைவு சிறிதன்று. 1538 சதமபாகையில் உருகும் இரும்பின் காலற்றிறனை 0.35 எனக் கொள்வோம். அதன் செவ்வொளியை, முழுமையாகக் காலும் பொருளின் ஒளியெனக் கருதி வாசிக்கும் கருவி ஏறத்தாழ 1395 பாகையையே காட்டும். கூடிய அலைநீளத்தில் வாசித்தால் வழு மேலும் பெருகும்.

இவ்விடர்ப்பாட்டைச் சுற்றிச் செல்லும் வழியொன்று பேர்லினை அடுத்த சார்லொட்டன்பேர்க்கில் வகுக்கப்பட்டது. 1887இல் வேர்ணர் சீமென்சின் கொடையோடு அங்கு நிறுவப்பட்ட பேரரசுப் பௌதிகத் தொழினுட்ப நிறுவகத்துக்கு ஹெல்ம்ஹோல்ற்சே முதற் தலைவர். வாயு விளக்கும் மின்விளக்கும் சந்தைக்காகப் போட்டியிட்ட காலம் அது. ஒளியை அளப்பதற்கு ஒரு நியமம் தொழிலுக்கு வேண்டியிருந்தது. உட்குழிந்த பாத்திரமொன்றைச் சீராகச் சூடாக்கி, அதிலுள்ள சிறு துவாரத்தின் வழியே வரும் ஒளியை அளந்தால் மேற்பரப்பின் இயல்பு மறைந்துபோகும் என 1895இல் வீனும் லும்மரும் காட்டினர். உட்சென்ற ஒளி மீண்டும் மீண்டும் தெறித்து உள்ளேயே உறிஞ்சப்படுவதால் அத்துவாரம் கரும்பொருளாகின்றது. அங்கு பெறப்பட்ட அளவீடுகளே 1900 ஒற்றோபரில் பிளாங்கைத் தம் விதிக்கு இட்டுச்சென்றன. சத்திச்சொட்டுக் கொள்கையின் தொட்டிலருகே தெருவிளக்கு நின்றதென்று கூறின் அது மிகையன்று.

தொழிற்சாலைக்குரிய கருவிகளும் அக்காலத்தனவே. 1892இல் லே சற்றெலியே செங்கண்ணாடியினூடாக உலையின் ஒளியை ஒரு விளக்கின் ஒளியுடன் ஒப்பிட்டார். 1901இல் ஹோல்போணும் கூர்ல்பவுமும், உலையின் பிரகாசத்தோடு ஒத்ததும் கண்ணுக்கு மறைந்துவிடும் மின்னிழையைக் கொண்ட தீமானியை வெளியிட்டனர். உலையின் வாயிற்றுவாரம் தன்னளவிலே ஒரு குழிக்கு நிகரானது. ஆகவே இக்கருவிகள் அங்கு ஓரளவு உண்மையே கூறின. வெள்ளி உறையும் 961.78 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலைகளை 1990ஆம் ஆண்டின் சர்வதேச அளவுத்திட்டம் பிளாங்கின் விதியைக் கொண்டே வரையறுக்கின்றது.

1960 மே மாதத்தில் மைமன் முதல் இலேசரை இயக்கினார். அக்கால ஆய்வாளர் துடிப்பின் வலிமையை, அது எத்தனை ஜிலெற் சவர அலகுகளைத் துளைத்ததென்று எண்ணி வேடிக்கையாகக் குறித்தனராம். 1964இல், இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல், 10.6 மைக்கிரோமீற்றர் அலைநீளமுடைய காபனீரொட்சைட்டு இலேசரை பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கினார். தொடர்ச்சியான உயர்வலுவுக்கு இவ்வகை வழிதிறந்தது. அத்துடன் சார்லொட்டன்பேர்க்கிலே தவிர்க்கப்பட்ட இடர்ப்பாடு மீண்டும் முன்வந்து நின்றது. இங்கு உலையில்லை, குழியில்லை. உலோகத் தூளை உருக்கும் இயந்திரத்தில் உருகற் குட்டையின் அகலம் மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவினது. அது செக்கனுக்கு ஒரு மீற்றரளவு வேகத்திலும் ஓடவல்லது.

மேலும் கிர்ச்சோவின் விதி இங்கு இருமுறை தாக்குகின்றது. மேற்பரப்பு எவ்வளவு ஒளியைக் காலுகின்றது என்பது மட்டுமன்றி, இலேசரின் சத்தியில் எவ்வளவை ஏற்கின்றது என்பதும் அதே இயல்பைச் சார்ந்ததே. திண்மச் செம்பு ஒரு மைக்கிரோமீற்றரளவான அலைநீளத்தில் தன்மீது விழுவதில் 95 சதவீதத்துக்கு மேல் தெறித்துவிடும். நீண்ட அலைகளில் உலோகத்தின் தெறிப்பு அதன் மின்கடத்துதிறனோடு தொடர்புற்றதென ஹாகனும் ரூபென்சும் 1903இல் காட்டியிருந்தனர். உருகும்போது செம்பின் தடைத்திறன் ஏறத்தாழ இருமடங்காகின்றது. அக்கணமே உறிஞ்சலும் உயர்கின்றது. ஆகவே முன்னரே அட்டவணையிலிட்ட எண் எதுவும் உருகற் கணத்திற்குப் பொருந்தாது. இரு அலைநீளங்களின் விகிதத்தைக் கொள்ளும் தீமானி இதனைத் தீர்க்குமென விற்பனையாளர் கூறுவதுண்டு. இரு அலைநீளங்களிலும் காலற்றிறன் சமனானாலன்றி அக்கூற்று நிலைக்காது. உலோகங்களில் அது பெரும்பாலும் சமனன்று.

வலு மேலும் உயரும்போது உலோகம் ஆவியாகி, அவ்வாவியின் அமுக்கம் திரவத்தைத் தள்ளி ஒடுங்கிய குழியொன்றைத் தோண்டுகின்றது. பற்றவைப்போர் இதனைத் திறப்புத்துளை என்பர். அதனுட் சென்ற கதிர் சுவரிற் பன்முறை தெறித்து உறிஞ்சப்படுகின்றது. வீனும் லும்மரும் அரிதின் அமைத்த குழியை இலேசர் உலோகத்திலே தானாகவே அமைத்துக்கொள்கின்றதெனலாம். ஆயின் அக்குழி நிலையற்றது. அது சரியும்போது அடியிற் குமிழ் சிறைப்படும். அக்குமிழே பின்னர் வெடிப்புக்கு வித்தாகக் கூடும்.

எனவே ஆய்வாளர், மேற்பரப்பின் சொந்த ஒளியைக் கேட்பதோடு நில்லாது, வேறோர் ஒளியை அனுப்பி விடை பெற முற்பட்டனர். குறுகிய அலைநீளப்பட்டையுள்ள இன்னொரு இலேசரால் குட்டைக்கு ஒளியூட்டி, அவ்வலைநீளத்தை மட்டும் விடும் வடியினூடாகப் படம்பிடிக்கும் முறை ஒன்று. கண்ணின் விழித்திரையைப் பார்ப்பதற்காக 1991இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஒளித்தலையீட்டுப் படமாக்கல் முறை இன்னொன்று. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010ஐ அண்டிய ஆண்டுகளில் அதனை உருக்கும் கதிரோடு ஒரே அச்சிற் செலுத்தித் துளையின் ஆழத்தை அளந்தனர். கொலராடோவின் போல்டரிலுள்ள நியமங்கள் நிறுவக ஆய்வாளர் 2018இல், உருகுமிடத்தை வெண்பூச்சிட்ட உட்கோளத்துள் வைத்து, தெறித்த ஒளி முழுவதையும் சேர்த்து, உறிஞ்சல் கணத்துக்குக் கணம் மாறுவதைக் கண்டனர். மின்விளக்குகளின் மொத்த ஒளியை அளப்பதற்காக 1900ஐ அண்டி டிறெஸ்டனில் உல்பிறிச்ற் ஆக்கிய கோளமே இது. மறுபடியும் விளக்குத் தொழிலின் கருவி!

2019இல் ஆர்கோன் ஆய்வுகூடத்தின் எக்ஸ் கதிர்ப் படங்கள் வேறொரு சங்கடத்தை வெளிப்படுத்தின. உலோகத் தூளை உருக்குவோர் வழமையாகக் கையாளும் வலுவிலும் வேகத்திலும் ஏறக்குறைய எங்கணும் அத்துளை உண்டு என அவை காட்டின. குட்டையை மட்டமான திரவமெனக் கொண்டு எழுதப்பட்ட கணிப்புக்கள் பலவற்றை இது பாதித்தது. வெப்பப் படக்கருவியின் ஒரே சட்டகத்தில் துளையின் வாயும் அதனைச் சூழ்ந்த திறந்த திரவமும் அருகருகே விழுகின்றன. முன்னையது கரும்பொருளுக்கு அண்மித்தது, பின்னையது அவ்வாறன்று. ஒரே காலற்றிறனை இரண்டிற்கும் இட்டு நிறமூட்டிய படங்கள் ஆய்வறிக்கைகளிற் காணப்படுகின்றன. கொல்லன் தன் கண்ணால் திருத்திக்கொண்டதை இவற்றிலே திருத்துவார் இலர்; இலேசர் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி உருகலை வெறுங்கண்ணால் நோக்குவது பாதுகாப்பு விதிகளின்படி தடுக்கப்பட்டுள்ளது. அவருக்குக் கிடைப்பது மென்பொருள் நிறமூட்டிய படம் மட்டுமே. அதற்கு இட்ட காலற்றிறன் எதுவென்பது பெரும்பாலும் திரையிற் குறிக்கப்படுவதில்லை.